பால் கேன் எலும்புக்கூடும் வாசல் விளக்கும்

செப்டம்பர் 11, வியாழன்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஊர் மன்றக் கூட்டத்துக்குப் போனது நடைபாதை உடைந்து கிடப்பதைச் சொல்லத்தான். என் முறை வருவதற்குள் ரோண்டா எழுந்துவிட்டாள். என் நாத்தனார். என் கணவன் ட்வேனின் ஒரே தங்கை, மேட்டுக்கு மேலே ரிட்ஜ் குடியிருப்பில் புது வீடு, ஊரின் ஹாலோவீன் குழுவுக்குத் தலைவி. எதைச் சொன்னாலும் சுவரில் படம் போட்டுத்தான் சொல்வாள். இன்றைக்கும் படம். பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்தம், வரிசையாகக் கார்கள், எல்லாக் காருக்கும் பின்பெட்டி திறந்திருக்கிறது, உள்ளே மிட்டாய். அடுத்த வருஷம் முதல் ஹாலோவீன் இப்படித்தானாம். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டாமாம்.

"கீழத் தெருக்கள்ல முக்காவாசி வீட்டுல வாசல் விளக்கே எரியறதில்ல. பிள்ளைங்க இருட்டுல தடுக்கி விழுதுங்க. லோகஸ்ட் தெருவையே எடுத்துக்குங்க, போன வருஷம் ஒரு பிள்ளைகூட அந்த மேட்டுல ஏறல. வேணும்னா எங்க அண்ணியையே கேளுங்க!"

லோகஸ்ட் தெருவில்தான் எங்கள் வீடு. மொத்தக் கூடமும் என் பக்கம் திரும்பியது. அவள் சொன்னது பொய்யில்லை. போன வருஷம் நிறைந்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாக்லேட்டை நானும் ட்வேனும் கிறிஸ்துமஸ் வரை தின்றோம். நான் வேலை பார்ப்பதோ பல் டாக்டரிடம்.

எழுந்து நின்று சொன்னேன்: "ஏறல, சரி. இந்த வருஷம் ஏற வச்சுக் காட்டறேன். வந்து பாரு."

மேயர் சிரித்துவிட்டு, அக்டோபர் 30 முடியட்டும், நவம்பர் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்றார். எங்கள் ஊரில் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வருவது அக்டோபரின் கடைசி வியாழன், 31 அல்ல. வெளியே வந்ததும் ரோண்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி, உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். இந்த வயசுல நீங்க எதுக்குக் குளிர்ல உக்காரணும்?"

இந்த வயசாம். அவளைவிட நான் மூன்று வருஷம் பெரியவள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ஒரு பிள்ளை முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை இருட்டில் தட்டலாம். கதவைத் திறக்க வேண்டியது பெரியவர்கள் கடமை. அதை எடுத்துவிட்டுக் கார் டிக்கியிலிருந்து மிட்டாய் கொடுப்பார்களாம்.

செப்டம்பர் 13, சனி

கடைக்குப் போனேன். கூரையைத் தொடுகிற எலும்புக்கூடு நிற்கிறது. கண் எரிகிறது, தாடை அசைகிறது. ரிட்ஜில் வீட்டுக்கு ஒன்று நிற்கப் போகிறது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கை சுட்டதுபோல் விட்டுவிட்டேன். ட்வேனுக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்த வருஷம் இது.

வீட்டுக்கு வந்து காலியான பால் கேனைக் குப்பையில் போடப் போனேன். வெள்ளை பிளாஸ்டிக். கைப்பிடிப் பக்கம் ஒரு பள்ளம், எதிர்ப் பக்கம் புடைப்பு. கன்ன எலும்பு மாதிரி.

குப்பையில் போடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் மண்டையோடு. கைப்பிடியை மூக்காக வைத்து வெட்டினேன். நாய் மாதிரி இருக்கிறது. ட்வேன் அதற்கு பிஸ்கட் போட்டான்.

செப்டம்பர் 20, சனி

பிடிபட்டுவிட்டது! கேனைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கைப்பிடி பின்மண்டைக்குப் போய்விடும். எதிர் மூலையில் கண்ணும் மூக்கும் வெட்டினால் அசல் மண்டையோடு. இன்னொரு கேனைக் குறுக்குக் குறுக்காகப் பிளந்தால் விலா எலும்பு. இடுப்புக்கு ஒன்று. கை காலுக்குத் தட்டையான பக்கங்களை எலும்பு வடிவத்தில் வெட்டி, ஓட்டை போட்டுச் சணல் கயிற்றில் கோத்தேன். சமையலறைக் கத்தரிக்கோல் மழுங்கிப் போனது. கட்டைவிரலில் கொப்புளம்.

மாடிப்படியில் தொங்கவிட்டதும் காற்றில் கை ஆடியது. ட்வேன் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தான்.

"லோர்னா, நெஜமாவே பயமா இருக்கு."

"எலும்புக்கூடா?"

"இல்லம்மா. நீ சிரிக்கிற சிரிப்பு."

செப்டம்பர் 27, சனி

ஓர் எலும்புக்கூட்டுக்கே வீட்டுப் பால் எல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்கு ஒரு குடும்பமே வேண்டும். வெட்கத்தை விட்டுத் தெருவில் வீடு வீடாகப் போய் காலி கேன் கேட்டேன். கதவைத் தட்டி எதையாவது கொடு என்று கேட்பது ஹாலோவீனுக்கு நல்ல ஒத்திகைதான்.

எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். சிலர் குப்பைத் தொட்டியைக் காட்டி நீயே பொறுக்கிக்கொள் என்றார்கள். பொறுக்கினேன். ஒன்றில் பால் புளித்துப் போய் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

எதிர் வீட்டு எல்மர் ஹுடாக் கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"எதுக்கு?"

"எலும்புக்கூடு செய்ய, எல்மர்."

"நான் பால் குடிக்கறதில்ல."

அவர் காபியில் பால் ஊற்றிக் குடிப்பதை என் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். மனைவி பெர்னீஸ் இறந்ததிலிருந்தே மனிதர் இப்படித்தான். ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் ஆறு மணிக்கு முன்பே வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னறையில் டிவி பார்க்கப் போய்விடுவார். விளக்கு எரிந்தால் மிட்டாய் உண்டு, அணைந்திருந்தால் கதவைத் தட்டக் கூடாது. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் இது தெரியும். எல்மருக்கு அது வசதி. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு வசதி.

அக்டோபர் 5, ஞாயிறு

பேய்கள் தயார்.

ரோண்டா புது வீட்டுக்குப் போனபோது, தன் ஜன்னலுக்குப் பொருந்தவில்லை என்று பெரிய மனசோடு எங்களிடம் தள்ளிவிட்ட வலைத்திரை மாடியில் கிடந்தது. அதைக் கிழித்து, வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து முக்கி எடுத்தேன். சோடா பாட்டில் மேல் ஊதிய பலூன், கைக்குத் துணி மாட்டும் கம்பி. அதன்மேல் ஈரத் துணியைப் போர்த்தி, வீட்டுக்கு அடியில் இருக்கும் அடித்தள அறையில் காயவிட்டேன். காலையில் பலூனைக் குத்தி உடைத்துப் பாட்டிலையும் கம்பியையும் உருவினால் — ஆளே இல்லாமல் துணி மட்டும் நிற்கிறது! உள்ளே காற்று. தலை இருக்கிறது, தோள் இருக்கிறது, யாரும் இல்லை.

அடித்தளத்தில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன். எனக்கு நானே.

அக்டோபர் 8, புதன்

எங்கள் பல் டாக்டர் ஃபெல்ட்னர் தேதி முடிந்த கையுறைப் பெட்டி கொடுத்தார். கையுறைக்குள் சோளப்பொரி அடைத்தால் விரல் எலும்பு அச்சாக வரும். ஒரு டஜன் கை செய்து வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் விரல் ஒன்றுகூட இல்லை. மரத்தடியில் அணில்கள் உருள முடியாமல் கிடக்கின்றன.

இனிமேல் கிழிந்த பிளாஸ்டிக் பைதான் அடைப்பேன். தின்னட்டும் பார்க்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரோண்டா வந்தாள். அண்ணனைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். கண் முழுக்க என் அடித்தளத்துப் படிக்கட்டில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தாள். பேய்கள் கண்ணில் படவில்லை, அவற்றை மறைத்து வைத்திருந்தேன். கேன் மலையைத்தான் பார்த்தாள்.

"என்ன அண்ணி, பால் வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆமா. உனக்கு ஒரு கேன் போடவா?"

"விளையாட்டுக்குச் சொல்லல. குப்பையைத் தோரணமா கட்டி வச்சா பிள்ளைங்க வருமா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க அசையறதத்தான் பாக்கும், பேசறதத்தான் பாக்கும். எங்க எலும்புக்கூடு பக்கத்துல போனா பேரச் சொல்லிக் கூப்பிடுது."

"என் எலும்புக்கூடு பேசாது. நீ கிளம்பினதும் நான் பேசுவேன்."

ட்வேன் காபி குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். அவள் போன பிறகு நான் சிரிக்கவில்லை. குப்பைன்னு சொல்லிட்டாளே. குப்பைதானே? பகல் வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே பால் கேன்தான், அட்டைதான், பைதான். இருட்டில்தான் இதற்கெல்லாம் உயிர். அப்படியானால் இருட்டிலேயே காட்டுவேன். வெளிச்சத்தில் யாரும் பார்க்கவே கூடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

ராத்திரி பெய்த மழையில் அட்டைக் கல்லறைகள் எல்லாம் கூழாகிவிட்டன. ஒரு வார வேலை. புல்வெளியில் உட்கார்ந்து அழுதேன். எல்மர் தன் காரிலிருந்து ஈர அட்டையைப் பிய்த்தபடியே, "உன் சுடுகாடு என் வண்டி மேல வந்து ஒட்டிக்கிச்சு" என்று கத்தினார்.

போங்கடா எல்லாரும்.

அக்டோபர் 20, திங்கள்

இன்று பல் டாக்டர் கிளினிக்கில் புது நாற்காலி வந்து இறங்கியது. அதைச் சுற்றி ஆள் உயரத் தெர்மாகோல் பலகைகள்! நான் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"எடுத்துக்கோங்க லோர்னா. ஒண்ணுல மட்டும் என் விளம்பரம் வரணும்."

வந்துவிட்டது. முதல் கல்லறையில் சாம்பல் பூசி எழுதினேன்: இங்கே உறங்குபவர் ராத்திரி பல் தேய்க்காதவர். அடுத்ததில்: இவர் அணிலை நம்பினார்.

மழை வரட்டும். தெர்மாகோல் நனையாது.

அக்டோபர் 25, சனி

தெருவே சருகு. ட்வேன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பையைப் பிடிக்க, நான் வாரி வாரிக் கறுப்புக் குப்பைப் பைக்குள் அடைத்தேன். பெரிய பை வயிறு, சின்னப் பை தலை. கால்களுக்கு, தண்ணீர்க் குழாய் குளிரில் உறையாமலிருக்கச் சுற்றுகிற நுரைக் குழல். வளைத்து கூரைமேல் ஏற்றிக் கட்டினேன். சின்னக் கார் அளவுக்குச் சிலந்தி.

முட்டை அட்டையை மும்மூன்று குழியாக வெட்டிக் கறுப்படித்து வௌவால்கள். கழிவறைத் தாள் சுருளின் உள்குழலில் கண் வெட்டி, உள்ளே ஒளிரும் குச்சி போட்டுப் புதருக்குள் செருகினால் பச்சைப் பச்சையாய் முறைக்கிறது.

முதுகு போச்சு. மனசு நிறைஞ்சிருக்கு.

அக்டோபர் 29, புதன்

ஒத்திகை. ஏழு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். வாசல் விளக்கு காரியத்தைக் கெடுக்கிறது. அதன் மஞ்சள் வெளிச்சத்தில் எலும்புக்கூட்டு இடுப்பில் பால் கம்பெனி அச்சு தெரிகிறது. பேயின் ஓரத்தில் திரையின் பூவேலை தெரிகிறது. குப்பை என்று சொன்னவள் நாளைக்கு வருவாள். இதையா பார்க்க வேண்டும்?

நாற்காலி போட்டு ஏறி பல்பைக் கழற்றினேன். கும்மிருட்டு. பேய்கள் மிதந்தன. புதருக்குள் கண்கள். எனக்கே புல்லரித்தது.

பல்பு சமையலறை இழுப்பறையில். நாளைக்கு அது தேவையே இல்லை.

அக்டோபர் 30, வியாழன், காலை

மழை இல்லை. கிண்ணம் நிறைந்திருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது, பேச வரவில்லை. எழுத வருகிறது.

ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. அது ஊதினால்தான் பிள்ளைகள் கிளம்பலாம், எட்டுக்கு மறுபடி ஊதினால் முடிந்தது. நான் கறுப்புக் குளியல் அங்கி, முகத்தில் தலையணை உறை, பொம்மைக் கைகளோடு வாசல் நாற்காலியில் பொம்மை போல உட்கார்ந்தேன். மடியில் கிண்ணம். கதவுக்குப் பின்னால் ட்வேன், தகர வாளியும் நாய்ச் சங்கிலியும் கையில். பிள்ளை மிட்டாயில் கை வைத்ததும் நான் அசைய வேண்டும், அவன் சங்கிலியை உலுக்க வேண்டும். இதுதான் திட்டம்.

வெளிச்சம் இருந்தவரை யாரும் மேட்டுப் பக்கம் வரவில்லை. இருட்டியதும் தெருக்கோடியில் குரல் கேட்டது. ஒரு கூட்டம் எங்கள் படிக்குக் கீழே வந்து நின்றது. மூச்சை அடக்கினேன். ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

பயந்துட்டாங்க! தலையணை உறைக்குள் எனக்கு ஒரே சிரிப்பு. படியேறவே துணிச்சல் வரவில்லை பாருங்கள்!

இன்னொரு கூட்டம். வந்தது, நின்றது, போனது. அதுவும் பயந்துதான் போனது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அதற்கடுத்ததும் அப்படியே. பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிய ஆரம்பித்தது. இப்படி எல்லாருமே பயந்து ஓடினால் மிட்டாயை யார் எடுப்பது?

பிறகு வந்த கூட்டத்தில் ஒரு தாய் தெளிவாகப் பேசினாள். "சே, எவ்வளவு அழகா செஞ்சு வச்சிருக்காங்க! ஆனா விளக்கு எரியலையேடா. குடுக்கல போல. தட்டக் கூடாது, வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விளக்கு. எல்மரைப் பற்றி இதே நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். வாசல் விளக்கு எரியாத வீடு, மிட்டாய் இல்லாத வீடு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான், தெருவில் விளக்கு எரியவில்லை என்று சொன்னவளோடு மல்லுக்கு நின்ற நான், என் கையாலேயே பல்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தியிருக்கிறேன்! அடி முட்டாளே!

"ட்வேன்! பல்பு!"

உள்ளே சங்கிலி குலுங்கியது. நான் திட்டப்படி சத்தம் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"பல்புய்யா! பல்பு! இழுப்பறையில!"

இன்னும் பலமாக உலுக்கினான். வேறு வழியில்லாமல் எழுந்தேன். கிண்ணம் உருண்டது. பொம்மை என்று நினைத்தது எழுந்து நின்று, தொங்கும் கையை ஆட்டிக்கொண்டு 'பல்பு பல்பு' என்று அலறினால் எப்படி இருக்கும்? தெருவில் கிளம்பிய கூச்சல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். டைனோசர் வேஷம் போட்ட குட்டி ஒன்று புல்லில் குப்புற விழுந்தது. அப்புறம் அதுதான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது.

ஒருவழியாக ட்வேன் நொண்டிக்கொண்டே பல்போடு வந்தான். நான் நாற்காலியில் ஏறி மாட்டினேன். மஞ்சள் வெளிச்சம் கொட்டியது.

எல்லாம் தெரிந்துவிட்டது. பால் கம்பெனி அச்சு, சணல் முடிச்சு, திரையின் பூவேலை, சிலந்தி வயிற்றுக் குப்பைப் பை. தலையணை உறையைக் கழற்றிவிட்டு நாற்காலி மேலேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அட்டைப் பெட்டிக்குள் புகுந்து ரோபோவாக வந்திருந்த ஒரு சிறுமி எலும்புக்கூட்டையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா... அது பால் கேன்."

போச்சு, என்று நினைத்தேன்.

"அம்மா! நம்ம வீட்டுப் பால் கேன்ம்மா! கையும் பால் கேன், காலும் பால் கேன்! இத நாமளே செய்யலாம்ம்மா!"

அவ்வளவுதான். விடுவிடுவென்று படியேறினார்கள். எல்லாரும். டைனோசர் என் பேய்க்குள் தலையை விட்டு, "உள்ள யாருமே இல்ல!" என்று கத்தியது. ஒருவன் வௌவாலைத் திருப்பிப் பார்த்து, "முட்டை அட்டைடா!" என்றான். மிட்டாயை மறந்துவிட்டார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு எது எதனால் செய்தது என்று பந்தயம் கட்டினார்கள். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

"கேட்டுக்குங்க! சும்மா வந்தா ஒரு மிட்டாய்! எதுல செஞ்சதுன்னு கண்டுபிடிச்சா ரெண்டு! சிலந்தி வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு சொன்னா மூணு!"

அந்த டைனோசர்தான் கீழே ஓடிப்போய்ப் பரப்பியிருக்க வேண்டும். கீழத் தெருவிலிருந்து மேட்டுக்கு வரிசை கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, அப்பாக்களும் மிட்டாய்க்காகச் சண்டை போட்டார்கள். தாடி வைத்த ஒரு ஆள் சிலந்தி வயிற்றில் ஆறு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

எதிரே எல்மரின் வாசல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மனிதர் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "என்ன இங்க கலாட்டா!" என்று கத்தத்தான் வந்திருக்கிறார். வாக்கியம் முடியவில்லை. விளக்கு எரிந்துவிட்டதே! வரிசையில் பாதி அப்படியே எல்மர் வீட்டுக்குத் திரும்பி ஓடியது. குட்டிச் சூனியக்காரிகளும் கடற்கொள்ளைக்காரர்களும் பைகளை நீட்டிக்கொண்டு அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

உள்ளே போனார். விளக்கை அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். சூப் வைக்கிற பானையோடு வெளியே வந்து தெருவைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் மிட்டாய் போடு. உன் கூட்டம் என் கதவ உடைச்சிரும் போல இருக்கு."

"ஏன் எல்மர், விளக்க அணைச்சிட்டா போச்சே?"

"இத்தன பேரு நிக்கிறப்ப எப்படி அணைக்கறது?" எரிச்சலாகத்தான் சொன்னார். பானை நிறையப் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு தெருவில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. மிட்டாய் வாங்கி வைக்காதவர்கள் பிஸ்கட் பாக்கெட்டும் ஆப்பிளும் கொடுத்தார்கள். மூலை வீட்டுக்காரி வேறு எதுவும் அகப்படாமல் சூப் டின்களைக் கொடுத்தாளாம். ஒரு பையன் அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஏழரைக்கு ரோண்டா வந்தாள். கூடவே ரிட்ஜ் பிள்ளைகளும் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். கீழே என்ன கூச்சல் என்று பார்க்க வந்தார்களாம். ரோண்டா மேலிருந்து கீழ்வரை தெருவைப் பார்த்தாள். படியேறி வந்து பேயைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நல்லா இருக்கு. எந்தக் கடையில வாங்குனீங்க அண்ணி?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் பிறந்தேன் போலிருக்கிறது.

"உன் கடையிலதான் ரோண்டா. நீ எங்ககிட்டத் தள்ளிவிட்டியே, சாப்பாட்டு அறை ஜன்னல் திரை. அதுதான். நல்ல துணி. பொருந்தலன்னு சொன்ன, பேய்க்கு அளவெடுத்து தச்ச மாதிரி பொருந்திருச்சு."

பின்னால் ட்வேன் தானாகவே சங்கிலியை உலுக்கினான். ரோண்டா — அதைச் சொல்லாவிட்டால் பாவம் — விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் நீர் வர, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் நானும் அவளும் அப்படிச் சிரித்திருக்கிறோம்.

"சிலந்திக்குள்ள பழைய துணி," என்றாள்.

"தப்பு. ஒரு மிட்டாய்தான்."

எட்டு மணிக்குச் சங்கு ஊதியபோது என் கிண்ணத்தில் காகிதம்கூட மிச்சமில்லை. ரோபோ சிறுமி போகிற போக்கில் திரும்பிக் கத்தினாள்: "சருகு! சிலந்திக்குள்ள சருகு!" கொடுக்க ஒன்றுமில்லை. எலும்புக்கூட்டின் ஒரு கையை அவிழ்த்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

நவம்பர் 2, ஞாயிறு

எல்லாவற்றையும் கழற்றி அடித்தளத்துக்கு இறக்கினேன். சிலந்தியை மட்டும் ட்வேன் விடவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சிவப்புத் தொப்பி போடலாமாம்.

எலும்புக்கூட்டு இடுப்பைத் துடைக்கும்போது பால் கம்பெனி அச்சைச் சுரண்டி எடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அது இருப்பதுதான் அழகு.

நவம்பர் 13, வியாழன்

கூட்டம் முடிந்தது. கார் நிறுத்தத் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடச் சொன்னது ரோண்டாதான், அதுவும் படம் போட்டு. மேட்டு உச்சியிலிருந்து அவள் எடுத்த படம். லோகஸ்ட் தெருவில் ஆற்றுப் பக்கம் வரை வாசல் விளக்குகள் எரிகின்றன.

"அடுத்த வருஷமும் வீடு வீடாத்தான்," என்றாள். "எதுல செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிற போட்டி எல்லாத் தெருவுலயும் வைக்கணும். இது என் யோசனை."

அவள் யோசனையாம்! இருக்கட்டும். வெளியே வந்ததும் காதருகில் வந்து கேட்டாள், "அண்ணி, மண்டையோட்டுக்குக் கேனை எந்தப் பக்கம் வெட்டணும்?"

கைப்பிடிப் பக்கம் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. உண்மையைத்தான் சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை. உள்ளே காலி பால் கேன்கள். ஒவ்வொன்றும் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, மூடியைத் தனியாகக் கட்டி வைத்திருந்தது. பெயர் எழுதவில்லை. பால் குடிக்காத மனிதர் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எதிரே பட்டப்பகலில் எல்மரின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அந்த ஹாலோவீன் வியாழக்கிழமையிலிருந்தே எரிகிறது. அணைக்க மறந்துவிட்டார், போய்ச் சொல்லிவிட்டு வா என்கிறான் ட்வேன்.

கேன்களை உள்ளே எடுத்து வைத்தேன். போய்ச் சொல்லவில்லை.